நனைக்கக் கூடாத மரப்பட்டு

என் கையெழுத்து விலைச்சீட்டுக்குப் பழகியது. இரண்டு விரல் அகலமுள்ள அட்டையில் முப்பது ஆண்டுக்கு மேல் எழுதிவிட்டு, இப்போது முழுத்தாளைக் கொடுத்தாலும் எழுத்து ஓரமாக ஒண்டிக்கொள்கிறது. படித்தது தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை. எந்த ர எங்கே வரும், எந்த ன எங்கே வரும் என்பதை வாத்தியார் ஐந்தாம் வகுப்பில் சொல்லித்தருவதாக இருந்தார். நான் போகவில்லை. வாசிக்கிறவர்கள் பிழைகளை மனத்துக்குள் திருத்திக்கொள்ள வேண்டும். துணியில் பிழை இருந்தால் மட்டும் நானே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கமும் முப்பத்தேழு வயதில்தான் வந்தது. அது வந்த விதத்தை எழுதுகிறேன்.

சிராங்கூன் சாலையில் ஒரு சேலைக்கடையில் எனக்கு வேலை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. அதனால் முதலாளி என்னைச் சேலை காட்டும் வேலையில் போட்டார். கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் யோசித்துத்தான் போட்டார். சேலையை என் தோளில் போட்டு, முந்தியைத் தொங்கவிட்டு, கொசுவத்தை விரலில் பிடித்துக்கொண்டு நின்றால் பெண்கள் சேலையைத்தான் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் ஆளை யாரும் பார்ப்பதில்லை. கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. அப்படிச் சில ஆயிரம் சேலைகளைக் கட்டிக் காட்டியிருப்பேன். எந்தப் பெண்ணோடும் சேர்ந்தாற்போல ஐந்து வார்த்தை பேசியதில்லை. அதுவரை கல்யாணமும் ஆகவில்லை.

பேசுவதற்கு முதலாளி இருந்தார். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையப் பேச்சு. மத்தியானம் மட்டும் அந்த வாயில் மீன்தலைக் கறி இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பான் பாலியஸ்டர் சேலைகள் வந்து குவிந்தன. கப்பல்காரர்களும் ஊருக்குப் போகிறவர்களும் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். எங்கள் வரிசையில் எல்லாக் கடையிலும் அதே சேலை, அதே பூ. முதலாளிக்கு, பக்கத்துக் கடைக்காரனிடம் இல்லாதது ஒன்று வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அராப் ஸ்திரீட் மொத்தக் கடையிலிருந்து ஒரு சீன ஏஜெண்ட் புதுச் சரக்கின் மாதிரிகளோடு வந்தார். பட்டைப் போல மினுக்கம், கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆர்ட் சில்க் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அந்த ரேயான்தான்.

ஏஜெண்ட் பேசியது சந்தை மலாய். முதலாளிக்கு அது அரைகுறை. நான்தான் மொழிபெயர்த்தேன். அடுத்தவர் பேச்சைச் சொல்வதென்றால் எனக்குக் கூச்சம் இருக்காது.

"மரத்துலேருந்து செய்யிறதாம், முதலாளி. மரத்த அரைச்சுக் கூழாக்கி, மருந்து ஊத்திக் கரைச்சு, நூலா இழுக்குறாங்களாம்."

"பூச்சி?"

"பூச்சியே கிடையாதாம்."

முதலாளி கோபுரத்தைக் கண்டவர் போல அண்ணாந்து பார்த்தார். ஏஜெண்ட் நிறுத்தவில்லை. அவர் அந்த ஆலைக்குப் போய்ப் பார்த்தவர். உள்ளே அழுகிய முட்டை நாற்றம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்க முடியவில்லை என்றார். நூல் இழுக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களின் கண் மிளகாய்ச் சம்பால் போலச் சிவந்திருக்கும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும், சிலருக்குக் கை நடுக்கம் வந்து வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். இந்தத் துணியைத் தண்ணீரில் போட்டால் பலம் பாதியாகிவிடும், பார்த்து விற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் முதலாளிக்குச் சொன்னேன்.

"நீ மரம் வரைக்கும் சொன்னது போதும்," என்றார் முதலாளி. "அதுக்கு மேல நமக்கு எதுக்குலா?"

அடுத்த வாரம் கடை முன்னால் பலகை ஏறியது. 'மரப்பட்டு. ஓர் உயிரையும் கொல்லாத பட்டு.' பக்கத்தில் ஓர் இலை வரையச் சொல்லியிருந்தார். பலகை எழுதியவருக்குத் தெரிந்த இலை வெற்றிலை. அதையே வரைந்துவிட்டார்.

முதலாளி பேசத் தொடங்கினார். "ஒரு சேலைக்கு எத்தன ஆயிரம் பூச்சிய உசுரோட வெந்நியில போடுறாங்க, தெரியுமா அம்மா? நெனச்சா எனக்குச் சோறு எறங்காது." அவருக்குப் பின்னால் அலமாரி முழுக்க அந்தப் பூச்சிப்பட்டுதான் அடுக்கியிருந்தது. அதைக் கேட்டு வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்தி, "மரப்பட்டா? அது சும்மா கட்டைங்க. நீங்க இப்படி வாங்க," என்பார். இரண்டு பேச்சுக்கும் ஒரே முகம். நான் இரண்டு சேலையையும் ஒரே தோளில் போட்டுக் காட்டினேன். ஆகவே அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

மரப்பட்டுச் சேலையை முதலில் வாங்கியவர்களில் மார்சிலிங்கிலிருந்து வந்த ஓர் அம்மாவும் ஒருவர். கணவர் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்த சைவக் குடும்பம். பூச்சியைக் கொன்ற பாவம் வேண்டாம் என்று கல்யாணத்திலிருந்து அந்த அம்மா பட்டே உடுத்தியதில்லை. ஆசை மட்டும் போகவில்லை. மரப்பட்டைத் தொட்டுப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "கடவுளாப் பாத்துக் குடுத்தது," என்று சொல்லி, கன்றுத்தோல் கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்தார்.

மூன்று வாரத்தில் சேலை திரும்பி வந்தது. அவர்கள் வீட்டில் மடி. காலையில் துவைத்து, பிறர் கை படாமல் காயவைத்த துணியை உடுத்தித்தான் அந்த அம்மா பூசை செய்வார். நனைக்கவே கூடாத துணியைத் தினமும் துவைத்தே ஆகவேண்டிய வீட்டுக்கு நாங்கள் விற்றிருந்தோம். இந்தத் தீவு முழுக்கத் தேடியிருந்தாலும் இப்படிப் பொருத்தமான வாடிக்கையாளர் கிடைத்திருக்க மாட்டார்.

"அரை முழம் ஏறிப்போச்சுங்க," என்றார் அந்த அம்மா. "மரம்னு சொன்னீங்க. தண்ணி ஊத்துனா மரம் வளரும்தானே? இது என்ன குறையுது?"

முதலாளி கொஞ்சமும் தடுமாறவில்லை. "வெட்டுன மரம் அம்மா. வெட்டுன மரம் எங்க வளரும்?"

அந்த அம்மா யோசித்தார். ஞாயமாகப் பட்டது போலிருக்கிறது. ஆனால் அன்று மகளும் கூட வந்திருந்தார். முப்பத்திரண்டு வயது. காலாங் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில், தைத்து வரும் சட்டைகளைச் சோதிக்கும் வேலை. அவர் சேலை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினார். இரு கையாலும் பிடித்து இழுத்தார். அறவில்லை. பிறகு இழையின் நடுவை நாக்கில் வைத்து நனைத்தார். மறுபடி இழுத்தார். நனைந்த இடத்தில் பட்டென்று அறுந்தது.

அறுந்த இரண்டு துண்டையும் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முதலாளியை அல்ல, என்னை. அப்போது என் தோளில் சேலை ஏதும் இல்லை. நான் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போனபின் முதலாளி நெடுநேரம் பல் குத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குக் கோயிலில், பஜனையில் என்று நிறையப் பழக்கம். அவர் வாய் திறந்தால் மரப்பட்டு அதோடு சரி. வாயை அடைக்க முதலாளிக்கு ஒரு வழி தோன்றியது.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஆகலயாம். உனக்குப் பேசவா?"

நான் சேலை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

"சரின்னு எடுத்துக்குறேன்," என்றார். "மாப்பிள்ள கடையில வாங்குன துணிய யாரும் குறை சொல்ல மாட்டாங்க லா."

முதலாளியின் கணக்கு என்னவாகவும் இருக்கட்டும். எனக்கு வேண்டும் என்றிருந்தது. அடுத்த பதினைந்து நாளும் நான் அந்த அறுந்த இழையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சேலைக்குள் இருந்த ஆளைப் பார்த்த ஒரே பெண் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். எனக்கு உறவு என்று இங்கே யாரும் இல்லாததால் மாப்பிள்ளை வீட்டார் முதலாளி ஒருவர்தான். பஸ் ஏறுமுன் தேக்கா சந்தையில் சாப்பிட்டோம். எனக்கு ஆட்டுக்கறி. மார்சிலிங் போய்ச் சேர்ந்து, மின்தூக்கி அவர்கள் மாடியில் நிற்காததால் ஒரு மாடி ஏறி நடந்து, உட்கார்ந்ததும் முதலாளி சொன்ன முதல் வார்த்தை, "பையன் பொறந்ததுலேருந்து சுத்த சைவம்." நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். விரலில் மசாலா வாசம் போகவில்லை.

"பாத்தாலே தெரியுது," என்றார் அந்த அம்மா.

காப்பி கொண்டுவந்த மகள் நேராகவே பேசினார். "எனக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இங்க வேணாம். கல்யாணக் கூறை எடுக்க வர்றப்பக் கேக்குறேன்."

"கடையப் பத்தியா?" என்றார் முதலாளி.

"உங்ககிட்ட இல்லீங்க."

அந்த அம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மகளுக்கு உயிர் கொல்லாத கூறை என்று அதற்குள் பஜனைக் கூட்டம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். முதலாளியும் கடையில் உயர்ந்த மரப்பட்டைத் தன் செலவில் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கூறை மணமேடையில் நின்றால் அதைவிடப் பெரிய பலகை கிடையாது.

மகள் என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சைவம் இல்லை என்பதும் வெளியே வந்தால் பெண்ணும் போகும். சொல்லாவிட்டால் அவர் இன்னோர் இழையை நனைத்து அறுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். நான் தங்கியிருந்த மாடி அறையில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். வாயில் வார்த்தை வரவில்லை. படுக்கைவிரிப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். வந்தது.

கூறை எடுக்கும் நாள் வந்தது. முதலாளி ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார். அரக்குச் சிவப்பில், சரிகைக் கரை போட்ட மரப்பட்டு. என் கல்யாணச் சேலையை நானே கட்டிக்கொண்டு பெண்வீட்டார் முன் நின்றேன். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மகள் முந்தியைத் தொட்டார். "இது என்ன துணி?"

"மரப்பட்டும்மா, ஒரு உயிரயும்—" என்று தொடங்கினார் முதலாளி.

"அவர் சொல்லட்டுங்க."

கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ரேயான்," என்றேன். "மரக்கூழ மருந்துல கரைச்சு இழுத்தது. நனைஞ்சா பலம் பாதி போயிடும். அம்மா துவைச்சதுனாலதான் அது ஏறிப்போச்சு. விக்கிறப்பவே எனக்குத் தெரியும்."

"பையன் ஜோக் அடிக்கிறான்லா," என்றார் முதலாளி.

ஒருமுறை திறந்துவிட்டதால் வாய் மூடவில்லை. "பூச்சி சாகலதான். ஆனா அந்த ஆலையில நூல் இழுக்குற ஆளுங்களுக்குக் கண்ணு சிவந்து போகுதாம். கை நடுங்குதாம். ஏஜெண்ட் சொன்னாரு."

அந்த அம்மா முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பூச்சி சாகலல்ல?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன தம்பி? ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. பூச்சிக்கு யாரு இருக்கா?"

முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

"நான் ஆட்டுக்கறி சாப்பிடுவேன்," என்றேன். "அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்பவும் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஆலைத் தொழிலாளிகளின் கண்ணுக்குக் கலங்காதவர் ஓர் ஆட்டுக்காக முருகனைக் கூப்பிட்டார். "என் வீட்டு நாற்காலியில உக்காந்தாரே," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மகள் அவரைக் கவனிக்கவில்லை. "கண்ணு சிவந்தவங்கள நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. கேட்டதுதான்."

"கேட்டத இத்தன மாசம் உள்ளயே வச்சிருந்தீங்க."

"ஆமா."

"எங்க ஃபேக்டரியிலயும் பஞ்சுத் தூசுதான். இருமாத ஆளு கிடையாது. நூல் துணிதான் தைக்கிறோம். அதுக்கு யாரும் போர்டு எழுதி வைக்கல." கொஞ்சநேரம் சரிகையைத் தடவிக்கொண்டிருந்தார். "நூல் சேல எடுங்க. துவைக்கவாவது செய்யலாம்."

"நூல் சேலையில கல்யாணமா? ஊரு சிரிக்கும்டி," என்றார் அம்மா.

"ஊருக்கு நீங்க கட்டிக்குங்க, இந்த மரத்த."

"அந்த ஆளு கறி திங்கிறாரு."

"வெளியில தின்னுட்டு வரட்டும். சட்டி நம்ம வீட்டுக்கு வரக்கூடாது." இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "முடியுமா?"

முடியும் என்று தலையை ஆட்டினேன். இருந்த வார்த்தையெல்லாம் தீர்ந்துவிட்டது.

வேலை போகவில்லை. முதலாளி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, வெற்றிலைக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். 'நனைக்க வேண்டாம்.' அதன் பிறகு மரப்பட்டு முன்னைவிட நன்றாக ஓடியது. நனைக்கக் கூடாத துணி என்றால் உயர்ந்த துணியாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன உண்மையை மடித்து, பையில் போட்டு, அவர் அதையும் விற்றுவிட்டார்.

கல்யாணம் கார்த்திகை மாதம், கோயிலில். மணப்பெண் நூல் சேலை கட்டியிருந்தார். அந்த அம்மா அந்த அரக்குச் சிவப்பு மரப்பட்டை உடுத்திக்கொண்டார். இலவசமாக வந்ததை வீணாக்கலாமா? காலையிலிருந்து மழை. விருந்தாளிகளை வரவேற்கக் குடையில்லாமல் வாசலுக்கும் மண்டபத்துக்குமாக நடந்ததில் சேலை ஊறி, கனத்து, கீழே இழுத்தது. தாலி கட்டும் நேரம் அவசரமாக மேடை ஏறும்போது கரையை அவரே மிதித்துவிட்டார். கிழிந்த சத்தம் நாதஸ்வரத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது. இடுப்பிலிருந்து ஒரு முழம். பின்னால் நின்ற முதலாளி தன் தோள்துண்டை எடுத்துக் கொடுத்தார். நல்லவேளை, அது பருத்தி.

"உசுருக்கு ஒண்ணும் இல்லயேம்மா?" என்றார் முதலாளி.

அந்த அம்மா துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு என்னிடம் திரும்பினார். "மாப்பிள்ள, நனைக்கக் கூடாதுன்னு அன்னிக்குச் சொன்னீங்கதான். கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்."

அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் நடந்து பதினாலு வருடம் ஆகிறது. போன சனிக்கிழமை என் மனைவிக்கு ஆர்ச்சர்ட் சாலைக் கடையொன்றில் ஒரு சட்டை பிடித்திருந்தது. சீட்டில் பச்சை இலை வரைந்திருந்தது. வெற்றிலை அல்ல, நன்றாகவே வரைந்திருந்தார்கள். கடையில் நின்ற பெண் தமிழ்ப்பெண்.

"அங்கிள், இது ஃபுல்லா நேச்சுரல். ட்ரீலேருந்து வர்ற மெட்டீரியல். பாலியஸ்டர் மாதிரி இல்ல. எந்த அனிமலயும் ஹர்ட் பண்ணல."

மனைவி சட்டையின் உள்தையலில் ஓர் இழையை உருவி நாக்கில் வைத்தார். அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. இழை அறுந்தது. மனைவி என்னைப் பார்த்தார்.

என் தோளில் எதுவும் இல்லை. என்றாலும் சொன்னேன். "நனைஞ்சா தாங்காதும்மா இது. பாத்து வித்துக்கம்மா."

"ட்ரை கிளீன் பண்ணலாம்லா, அங்கிள்."

"பண்ணலாம். மரத்தச் சொல்றப்ப அந்த மருந்தயும் சேத்துச் சொல்லு."

"என்ன மருந்து?"

நடிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அவளுக்கும் மரம் வரைக்கும்தான் சொல்லியிருந்தார்கள். நான் பதில் தேடுவதற்குள் மேலாளர் போலிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நெருங்கி வந்தார். பழைய கூச்சம் பிடித்துக்கொண்டது. மனைவியின் முழங்கையைத் தொட்டு வெளியே கூட்டிவந்துவிட்டேன்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "அந்தப் பிள்ள கேட்டுச்சு. நீங்க முழுசாச் சொல்லல."

"ஆளு வந்துட்டான்ல."

"வாயில வரலன்னா எழுதியாவது வைங்க. விலைச்சீட்டு எழுதுன கைதானே?"

எழுதிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போய் அந்தப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பேச வேண்டாம், தாளே பேசிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். கூட வரப்போகிற மனைவி, அதெல்லாம் முடியாது, வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறார்.

6 நவம்பர் 1988, ஞாயிறு.